மாமா மீது மூன்று குற்றச்சாட்டுகள்

1987-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர்கள் இருவரைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் என் அக்காவின் கணவரை ஒரு பதவியிலிருந்து இறக்குவதற்கான தீர்மானத்தையும் எழுதினேன். இரண்டையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, சில வார இடைவெளியில் எழுதினேன். கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மலேசியாவில் கோலா சிலாங்கூரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் வரும் ஒரு தோட்டத்தில், தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். நான் பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். அப்பா இறந்தபோது நான் ஆறாம் வகுப்பு. அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். நான் இடைநிலைப் பள்ளிக்குப் போன ஐந்து வருடமும் விடியற்காலையில் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பெரிய சாலை வரை கொண்டுவந்து, பஸ் வந்து நான் ஏறுகிற வரைக்கும் நிற்பார். அதற்குப் பிறகுதான் வேலைக்குப் போவார். நான் ஆசிரியையானதும் என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலி மாதிரி இருக்கும், ஆனால் கேலி இல்லை.

பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு மாமாதான் தலைவர். நான்கு ஆண்டுகளாக அவரை யாரும் போட்டியிட்டுத் தோற்கடித்ததில்லை, போட்டியிட்டதே இல்லை. கூரைத் தகரம் பெயர்ந்தால் அவர் ஏறுவார். விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடுவது, பரிசளிப்புக்கு நாற்காலி ஏற்றி வருவது எல்லாம் அவர்தான். செயலாளர் நான். கடிதம் எழுதுவதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் வேலை.

அந்த வருடம் நான் அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க வரலாறு ஒரு பாடம். வெவ்வேறு காலத்தில் இரண்டு அதிபர்கள் மீது வந்த பதவி நீக்கக் குற்றச்சாட்டுகளை ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் 1868-இல் குற்றம் சாட்டப்பட்டு நாடாளுமன்றத்தின் முன்னால் நிறுத்தப்பட்டவர். மற்றவர் 1974-இல் அப்படி நிறுத்தப்படுவதற்கு முன்பே விலகிக்கொண்டவர். அந்த ஆண்டு அமெரிக்காவில் இன்னொரு விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம். அப்போதிருந்த அதிபருக்கும் அதே கதி வருமா என்று பத்திரிகைகள் எழுதின. அதனால் பழைய கதையெல்லாம் திரும்பவும் பேச்சுக்கு வந்திருந்தது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் குடியிருந்த ஆசிரியர் குவார்ட்டர்ஸில் தண்ணீர்க் குழாய் ஒழுகியது. மாமா பழுது பார்க்க வந்தார். வேலை முடிந்ததும் கோப்பி கொடுத்தேன். மேசையில் திறந்து கிடந்த புத்தகத்தில் 1868-ஆம் ஆண்டு அதிபரின் படம் இருந்தது. உம்மென்று உதட்டை இறுக்கிய முகம்.

"யாரு லா இவரு? மூஞ்சிய பாத்தா ரொம்பக் கோவக்காரரா இருப்பாரு போல."

"அமெரிக்கா அதிபர் மாமா. நூத்தி இருபது வருஷத்துக்கு முன்ன. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. தையல்காரரு. கல்யாணத்துக்கு அப்புறம் பொண்டாட்டிதான் ஒழுங்கா எழுதக் கத்துக்குடுத்தாங்களாம்."

மாமா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். அவர் நான்காம் வகுப்போடு நின்றவர். தமிழ் வாசிப்பார், மலாய் பேசுவார், ஆங்கிலம் தெரியாது.

"தையல்காரன அதிபராக்கினாங்களா?"

"துணை அதிபரா இருந்தாரு. மேல இருந்தவர சுட்டுக் கொன்னுட்டாங்க. இவரு மேல வந்துட்டாரு. நாடாளுமன்றத்துக்கு இவரப் பிடிக்கல. எங்கள கேக்காம எந்த மந்திரியையும் நீ நீக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டாங்க. இவரு மீறி நீக்கிட்டாரு. உடனே பதினோரு குற்றச்சாட்டு எழுதி விசாரணைக்கு நிப்பாட்டிட்டாங்க."

"அப்பறம்?"

"மேலவையில அம்பத்தி நாலு பேரு. மூணுல ரெண்டு பங்கு, அதாவது முப்பத்தாறு பேரு குற்றவாளின்னு சொன்னாத்தான் இறக்க முடியும். முப்பத்தஞ்சு பேரு சொன்னாங்க."

"ஒரு ஓட்டா!" மாமா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரே ஓட்டுலயா தப்பிச்சான்?"

"அவர எதிர்த்த கட்சியிலேர்ந்தே ஏழு பேரு குற்றமில்லன்னு எழுந்து சொன்னாங்க மாமா. அதனாலதான்."

அந்த ஏழு பேரைப் பற்றி அவர் இரண்டு தடவை திரும்பக் கேட்டார். அவர்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்றெல்லாம். அவர்களில் ஒருவரும் பிறகு அந்த அவைக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்ததாக 1974-ஆம் ஆண்டுக்காரரைச் சொன்னேன். எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்த விஷயத்தை மூடி மறைத்தது, தன் அறையில் பேசியதெல்லாம் டேப்பில் பதிவாகியிருந்தது, சொந்தக் கட்சிப் பெரியவர்களே போய் உங்களுக்கு ஓட்டு கிடையாது என்று சொன்னது, மறுநாள் அவர் விலகுவதாக அறிவித்தது.

"அப்ப இவன் கள்ளன்," என்றார் மாமா. "ஓடிட்டான். அந்தத் தையக்காரன்தான் ஆம்பள. நின்னான் பாத்தியா."

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்தத் தையல்காரர் நல்லவர் இல்லை என்பதைச் சொல்லவில்லை. அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்களுக்குப் பாதுகாப்புத் தர வந்த சட்டங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தவர். உண்மையான கோபம் அங்கேதான் இருந்தது. குற்றச்சாட்டில் எழுதியது வேறு. அதையெல்லாம் நான் படித்திருந்தேன். ஆனால் கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, மாமா ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை கடைசியில் பள்ளித் திடலுக்கு நில அளவையாளர்கள் வந்தார்கள். சிவப்பு வெள்ளைக் கம்புகளை நட்டு அளந்தார்கள். பிள்ளைகள் வகுப்பறை ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள். தலைமையாசிரியர் போய்க் கேட்டபோது, எண்ணெய்ச் செம்பனை போடுவதற்குத் தோட்ட நிர்வாகம் இந்த நிலத்தைத் திரும்ப எடுக்கிறது, பள்ளி பட்டணத்துப் பள்ளியோடு சேர்க்கப்படும் என்றார்கள். பெற்றோர் சங்கமே ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறதே என்று ஒரு நகலையும் காட்டினார்கள்.

அதில் மாமாவின் கையெழுத்து இருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக அழுத்தி எழுதும் கையெழுத்து. தேதி ஆறு வாரத்துக்கு முந்தியது. தேதியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, என் வீட்டில் குழாய் பழுது பார்த்ததற்கு நான்கு நாள் முன்னால் அவர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் முன்னால் பெற்றோர் கூடிவிட்டார்கள். "தலைவரே, கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டார்கள். மாமா டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த கோலத்தில் நின்றார். சட்டை முழுக்க மண். "எனக்கு எதுவும் தெரியாது," என்றார். நகலைக் காட்டினார்கள். அவர் அதை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், உள்ளே போய்விட்டார்.

மறுநாள் துணைத் தலைவர் என்னைத் தேடி வந்தார். அவர் தோட்டத்து மண்டோர், தொழிலாளர்களை மேய்த்துப் பழகிய உரத்த குரல்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் மூன்று பேர் எங்களிடம் படித்தார்கள்.

"டீச்சர், இது சும்மா சத்தம் போட்டு முடியற விஷயம் இல்ல. முறையா செய்யணும். நீங்கதான் செயலாளர். எழுதிக் குடுங்க."

"அவரு என் மாமா."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். நீங்க எழுதினா ஒருதலையா எழுதினாங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உறவுக்காரி என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் யார் பக்கமும் சாயாதவள் என்று காட்ட விரும்பினேன். அதோடு, இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அந்தத் தோட்டத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற ஒரு பெருமை. அதை இப்போது சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்று குற்றச்சாட்டுகள் எழுதினேன். ஒன்று, செயலவையைக் கேட்காமல் தனியாகக் கையெழுத்திட்டது. இரண்டு, ஆறு வாரம் அதை மறைத்தது. மூன்று, உறுப்பினர்கள் நேரில் கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னது. சங்கத்தின் சட்டவிதியில் தலைவரை நீக்குவது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று நானே சேர்த்தேன். செயலவையில் மாமாவைத் தவிர பதினைந்து பேர். பத்துப் பேர் சொன்னால்தான் நீக்க முடியும். அது மாமாவுக்கு நான் செய்கிற உதவி என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். மாமா படியில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நீங்களே விலகிடுங்க. ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். கூட்டம் போட்டு, உங்கள நிக்க வச்சு, எல்லாரும் பேசி, எதுக்கு?"

"விலகினா கள்ளன்னு ஆயிடும்."

"யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"நீதானே சொன்ன. விலகினவன் கள்ளன். நின்னவன் தப்பிச்சான்." என் முகத்தை நேராகப் பார்த்தார். "நான் டுயிட் வாங்கினேனா? ஒரு காசு இல்ல. யாரையும் ஏமாத்தணும்னு செஞ்சேனா? இல்ல. நிக்கிறேன். பதினஞ்சு பேருல ஒரு ஆறு பேரு இருக்க மாட்டாங்களா?"

கள்ளன் என்று சொன்னது அவர், நான் இல்லை. ஆனால் அந்தக் கதையை அப்படிக் கேட்க வைத்தது நான்தான்.

"அப்ப எதுக்கு மாமா கையெழுத்துப் போட்டீங்க? அதையாவது சொல்லுங்க."

படியில் கிடந்த குச்சியை எடுத்து ஒடித்துப் போட்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "தோட்டத்து மேனேஜர் துரை ஆபீஸுக்குக் கூப்பிட்டாரு. நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாரு. இருவத்தி ரெண்டு வருஷமா இந்தத் தோட்டத்துல வேல செய்யறேன். அந்த ரூம்ல அன்னிக்குத்தான் உக்காந்தேன். 'மிஸ்டர் பிரெசிடெண்ட்'னு கூப்பிட்டாரு. பிள்ளைங்களுக்கு பட்டணத்துல நல்ல பள்ளிக்கூடம், போயிட்டு வர பஸ்ஸு, எல்லாம் ஏற்பாடுன்னாரு. காகிதம் இங்கிலீஷ்ல இருந்திச்சு. கணக்கு எழுதற ஆபீஸ் கிராணி வாசிச்சு, ஆட்சேபனை இல்லன்னுதான் போட்டிருக்குன்னாரு."

"என்கிட்ட கொண்டாந்து காட்டியிருக்கலாமே. அன்னிக்கு வீட்டுக்கே வந்தீங்களே."

"காட்டத்தான் வந்தேன்," என்றார். "குழாய் சாக்கு. நீ அந்தப் புஸ்தகத்தை வச்சிக்கிட்டு உக்காந்திருந்த. தலைவரா இருக்கறவன் தான் கையெழுத்துப் போட்ட காகிதத்த இன்னொருத்தர்கிட்ட குடுத்து வாசிக்கச் சொல்றதான்னு இருந்திச்சு. பேசாம வந்துட்டேன்."

நாளைக்குக் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள் என்றேன். பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்பு அவர் என் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"சொல்லாத டீச்சரம்மா. உக்கார வச்சாரு, நான் மயங்கிட்டேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. எம்புள்ளங்க காதுல விழக்கூடாது."

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஐந்தாம் வகுப்பு அறையில் கூட்டம். பெரியவர்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மாமா சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார். தலைமையாசிரியர் கூட்டத்தை நடத்தினார், அவருக்கு ஓட்டு இல்லை. நான் எழுந்து மூன்று குற்றச்சாட்டுகளையும் வாசித்தேன். என் குரல் வகுப்பில் பாடம் எடுக்கும் குரல் மாதிரியே ஒலித்தது.

பதில் சொல்லச் சொன்னார்கள். மாமா எழுந்தார்.

"கையெழுத்து என்னுதுதான். பிள்ளைங்களுக்கு நல்லதுன்னு நெனச்சேன். வேற எதுவும் இல்ல."

"அப்ப ஏன் தெரியாதுன்னு சொன்னீங்க?" என்று ஒரு தாய் கேட்டாள். அவளுடைய மகன் முதலாம் வகுப்பு. அழுகிற குரலில்தான் கேட்டாள், சண்டைக்கு இல்லை.

மாமா என் பக்கம் பார்த்தார். உதவிக்குப் பார்த்தாரா, சொல்லிவிடாதே என்று பார்த்தாரா, எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. நான் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

பெயர் கூப்பிட்டு ஓட்டெடுப்பு. அதுவும் என் யோசனைதான். ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். நீக்கலாம், நீக்கலாம், வேண்டாம், நீக்கலாம். முறத்தில் புடைப்பது போல ஒரே சீராக அது போய்க்கொண்டிருந்தது. செயலாளர் கடைசி. என் முறை வந்தபோது பத்து ஏற்கனவே ஆகிவிட்டது. வேண்டாம் என்றவர்கள் நான்கு பேர்.

என் ஓட்டுக்கு அர்த்தமே இல்லாத இடம் அது. நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அவர் போயிருப்பார். ஒன்றும் சொல்லாமல்கூட இருந்திருக்கலாம், செயலாளர் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். நான் எழுந்து "நீக்கலாம்" என்றேன். மூன்று குற்றச்சாட்டும் உண்மை. எழுதியவள் நான். மாற்றிச் சொன்னால் பொய்யாகும் என்று நினைத்தேன்.

மாமா எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். மோட்டார் சைக்கிள் உடனே கிளம்பவில்லை. நான்கைந்து முறை உதைத்தார்.

அன்று சாயங்காலம் அக்கா என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீயும் சொன்னியாமே."

"பத்து ஏற்கனவே ஆயிடிச்சுக்கா. என்னோடது ஒண்ணு இல்லன்னாலும்..."

"அதத்தான் கேக்கறேன். ஆயிடிச்சு இல்ல? அப்பறம் உனக்கு என்ன?"

அந்த வாரமே கட்டுரையை முடித்து அனுப்பினேன். சட்டப்படி குற்றம், மனத்தளவில் குற்றம் என்ற இரண்டும் ஒன்றல்ல என்று எழுதினேன். தையல்காரர் மீது சுமத்தியது அற்பக் குற்றம், அவர் செய்த பெரிய தீங்கோ குற்றப்பத்திரிகையில் சரியாக வரவே இல்லை, அதனால் தப்பினார். பிந்தியவர் விலகியது வெட்கத்தால் இல்லை, ஓட்டு இல்லை என்று தெரிந்ததால், ஒரே மாதத்தில் அவருக்கு மன்னிப்பும் கிடைத்தது. குற்றச்சாட்டு முழு உண்மை, ஆள் நல்லவர் என்றால் என்ன செய்வது என்று ஒரு பத்தி எழுதி, அதற்கு அமெரிக்க வரலாற்றில் உதாரணம் கிடைக்காமல் அடித்துவிட்டேன். இரண்டு பக்கத்தையும் நடுநிலையோடு அணுகியிருக்கிறீர்கள் என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதி அனுப்பினார்.

சங்கம் புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்து, பழைய கடிதத்தை மீட்டுக்கொள்வதாகத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதியது. கடிதத்தை நான்தான் எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. நிலத்தைத் திரும்ப எடுக்கும் முடிவு முந்தின ஆண்டே எடுக்கப்பட்டுவிட்டது, பெற்றோர் சங்கத்தின் சம்மதம் மரியாதைக்காகக் கேட்கப்பட்டதுதான், சட்டப்படி தேவையில்லை என்று இரண்டு வரி. மாமா கையெழுத்துப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். நான் அந்தக் கடிதத்தோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன். லயத்து வீடு பூட்டியிருந்தது. முந்தின நாள் மத்தியானம் லோரி வைத்துச் சாமான் ஏற்றிப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

சுங்கை பெசாரில் ஒரு நெல் ஆலையில் மாமாவுக்கு லோரி ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. ஒரு சீனர் துணிக்கடைக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு மாதம் கழித்து விலாசம் தேடிப் போனேன். மாமா நன்றாகத்தான் பேசினார். பள்ளியைப் பற்றி விசாரித்தார், கூரையில் எந்த மூலை ஒழுகும் என்று சொன்னார். நான் கடிதத்தை எடுத்து அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். உங்கள் கையெழுத்தால் எதுவும் நடக்கவில்லை மாமா என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் இன்னும் சுருங்கிப் போனது.

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்றார்.

பள்ளி 1988 கடைசியில் மூடப்பட்டது. பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள், என்னையும் மாற்றினார்கள். பஸ் முதல் ஆண்டு மட்டும் வந்தது. அதற்குப் பிறகு தூரம் தாங்காமல் சில பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். கூட்டத்தில் அழுகிற குரலில் கேட்ட அந்தத் தாயின் மகனும் அதில் ஒருவன்.

பள்ளி மூடிய மறு ஆண்டு மாமா நெல் மூட்டை இறக்கும் இடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. ஐம்பது வயது ஆகவில்லை. இறுதிச் சடங்குக்குத் தோட்டத்திலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். மண்டோர்தான் எல்லோரையும் கூட்டி வந்தார். பாடையின் முன்பக்கத்தை அவர் கடைசிவரை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.

அக்காவும் இரண்டு பிள்ளைகளும் கோலா சிலாங்கூரில் என் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வேறு இடம் இல்லை. அக்கா எனக்குச் சமைத்தாள், என் சேலைக்குக் கஞ்சி போட்டாள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் கண்மூடாமல் இருந்தாள். எல்லாம் பேசுவாள். மாமாவைப் பற்றி மட்டும் என்னிடம் பேச மாட்டாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் பேசுவாள். வேலியோரம் நின்று மலாயில், அவர் எப்படிச் சாப்பிடுவார், எதற்கெல்லாம் கோபப்படுவார், எந்த நிறச் சட்டை பிடிக்கும் என்று சொல்லிச் சிரிப்பாள், கண்ணைத் துடைப்பாள். நான் பள்ளி முடிந்து கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுவாள்.